தர்க்கத்துக்கு அடித்தளம் எது? வான் டில் வகுத்த கடவுள் வாதம்

கடவுள் இருப்பதற்கு ஆதாரம் கேட்பவரிடம், ஆதாரம் என்ற ஒன்று இருக்க முடிவதே கடவுள் இருப்பதால்தான் என்று பதில் சொல்லும் ஒரு மரபு கிறிஸ்தவ இறையியலில் உண்டு. ஆங்கிலத்தில் ‘பிரிசப்போசிஷனல் அப்பாலஜெடிக்ஸ்’ எனப்படும் இதைத் தமிழில் ‘முன்னனுமான வழித் தற்காப்பு வாதம்’ எனலாம். கிறிஸ்தவ விசுவாசத்தை நோக்கி எழும் கேள்விகளுக்கு நியாயம் காட்டிப் பதில் சொல்லும் துறைதான் தற்காப்பு வாதம். வாதிடத் தொடங்கும் முன்பே ஒருவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் அடிப்படைகளே முன்னனுமானங்கள். தர்க்க விதிகள் எங்கும் செல்லும், இயற்கை நாளையும் இதே ஒழுங்கில் இயங்கும், பொய் சொல்வது தவறு என்பவை அப்படிப்பட்டவை. இவற்றுக்கெல்லாம் அடியில் என்ன இருக்கிறது என்பதையே இந்த மரபு முதல் கேள்வியாக எழுப்புகிறது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பேராசிரியராக இருந்த கர்னேலியஸ் வான் டில் இதற்கு முழு வடிவம் கொடுத்தார்.

பழைய வாதங்களின் பாதை

வான் டில் எதிலிருந்து விலகினார் என்பதை அறிய, அவருக்கு முந்தைய வாதங்களைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அன்செல்ம் என்ற துறவி, கடவுள் என்ற கருத்தை மட்டும் வைத்தே கடவுளின் இருப்பை நிறுவ முயன்றார். எதைவிடப் பெரியதாக ஒன்றை எண்ணிப்பார்க்கவே முடியாதோ அதுதான் கடவுள். அது மனத்தில் மட்டும் இருந்து உண்மையில் இல்லையென்றால், உண்மையிலும் இருக்கும் ஒன்றை அதைவிடப் பெரியதாக எண்ணிவிடலாம். ஆகவே அது உண்மையிலும் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், இயக்கம், காரணகாரியம் போன்ற உலக அனுபவங்களிலிருந்து தொடங்கும் ஐந்து வழிகளைத் தொகுத்தார். 1802இல் இங்கிலாந்தின் வில்லியம் பேலி, வெட்டவெளியில் கிடக்கும் கடிகாரம் ஒன்று தன்னைச் செய்தவரைக் காட்டிக்கொடுப்பதுபோல, உயிர்களின் நுட்பமான அமைப்பும் படைத்தவரைக் காட்டுகிறது என்று எழுதினார்.

இந்த வாதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை என்றாலும் போக்கு ஒன்றுதான். நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஓரிடத்தில் தொடங்கி, இரு தரப்புக்கும் பொதுவான அறிவைத் துணைகொண்டு, படிப்படியாகக் கடவுளிடம் போய்ச் சேர்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இவற்றுக்கு இரண்டு பலத்த அடிகள் விழுந்தன. வடிவமைப்பு வாதம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது காட்டும் வடிவமைப்பாளர் ஒருவரா பலரா, எல்லையற்றவரா குறையுள்ளவரா என்று சொல்ல முடியாது என்றார் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். அவர் இறந்த பிறகு 1779இல் வெளியான உரையாடல் நூலில் இது இருக்கிறது. 1781இல் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் காண்ட், புலனனுபவ எல்லைக்குள் பயன்படும் காரணகாரியம் போன்ற கருத்துகளை அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதாகச் சொல்லப்படும் கடவுள்மீது ஏற்றிப் பேச முடியாது என்று வாதிட்டார்.

ஆம்ஸ்டர்டாமும் பிரின்ஸ்டனும்

இந்தத் தாக்குதலுக்குப் பிறகு ஜான் கால்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர் இரண்டு பக்கமாகப் பிரிந்து யோசித்தார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் இருந்த பி. பி. வார்ஃபீல்ட், கிறிஸ்தவம் தன் உண்மையை நியாயத்தால் காட்டியாக வேண்டும், அதற்கான ஆதாரங்களை நேர்மையான எந்த மனிதரும் எடைபோட முடியும் என்றார். அவரைப் பொறுத்தவரை தற்காப்பு வாதம் இறையியலின் வாசற்படி.

நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பர் இதை ஏற்கவில்லை. 1880இல் ஆம்ஸ்டர்டாமின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர். 1901 முதல் 1905 வரை அந்நாட்டின் பிரதமராகவும் இருந்தார். கடவுளால் புதுப்பிக்கப்பட்ட மனமும் புதுப்பிக்கப்படாத மனமும் வெவ்வேறு வேர்களிலிருந்து சிந்திக்கின்றன, ஆகவே அறிவுத்துறைகளிலும் இருவகைக் கட்டுமானங்கள் எழுகின்றன என்பது அவர் நிலை. மனித மனம் நடுநிலையான ஒரு தராசு அல்ல என்பதால், வார்ஃபீல்ட் எதிர்பார்த்த அளவுக்கு ஆதாரங்கள் தாமாக வேலை செய்யும் என்று அவர் நம்பவில்லை.

இந்த இரு நீரோட்டங்களும் வான் டிலிடம் கலந்தன. 1895இல் நெதர்லாந்தின் குரோட்டகாஸ்ட் என்ற ஊரில் பிறந்த அவர், 1905இல் குடும்பத்துடன் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் குடியேறினார். விவசாயக் குடும்பம்; வீட்டில் கைப்பரின் மரபில் ஊறிய சபைப் பழக்கம். கால்வின் கல்லூரியிலும் பிறகு பிரின்ஸ்டனிலும் படித்து, 1927இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். அன்று செல்வாக்கோடு இருந்த கருத்துமுதல்வாத மெய்யியல் பேசிய ‘முழுமுதற் பொருளை’ பைபிளின் கடவுளோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றல்ல என்று ஆய்வேட்டில் வாதிட்டார். 1929இல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டபோது, அதன் போக்கு தாராளவாதத்தை நோக்கித் திரும்புகிறது என்று கருதிய அதன் ஆசிரியர் ஜே. கிரெஷம் மேச்சன் விலகிச் சென்று, பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியைத் தொடங்கினார். வான் டில் அங்கே சேர்ந்து 1972 வரை கற்பித்தார். அவருடைய முக்கிய நூலான ‘விசுவாசத்தின் தற்காப்பு’ 1955இல் வெளிவந்தது. 1987இல் அவர் காலமானார்.

வார்ஃபீல்ட், கைப்பர் இருவரிடமிருந்தும் அவர் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டார். கிறிஸ்தவம் நியாயத்தால் காக்கத்தக்கது என்பதில் வார்ஃபீல்ட் சரி. நடுநிலையான அறிவு என்று ஒன்று இல்லை என்பதில் கைப்பர் சரி. அப்படியானால், நடுநிலையைக் கற்பித்துக்கொள்ளாமல் நியாயம் காட்டுவது எப்படி என்பதே அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த சிக்கல்.

கரும்பலகையில் இரண்டு வட்டங்கள்

வகுப்பில் வான் டில் அடிக்கடி கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைவார். மேலே பெரிய வட்டம் கடவுள். கீழே சிறிய வட்டம் படைப்பு. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இடையில் உள்ள கோடுகள் கடவுள் தம்மை வெளிப்படுத்துவதையும் உலகைத் தாங்குவதையும் குறிக்கும். கிறிஸ்தவம் அல்லாத சிந்தனைகளுக்கு அவர் வரைவது ஒற்றை வட்டம். அதில் கடவுள் இருந்தாலும், மனிதரையும் உலகத்தையும் உள்ளடக்கிய பொது இருப்பின் ஒரு பகுதியாகவே இருப்பார். அவரும் தமக்கு மேற்பட்ட தர்க்கத்துக்கும் தற்செயலுக்கும் உட்பட்டவராகிவிடுவார்.

இந்தப் படத்திலிருந்து மூன்று கருத்துகள் பிறக்கின்றன. முதலாவது, உலகில் பொருள் விளக்கப்படாத ‘வெறும் உண்மை’ எதுவும் கிடையாது. ஒவ்வொரு உண்மைக்கும் கடவுளின் திட்டத்தில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. கடவுள் முன்பே அறிந்ததைப் படைப்பின் அளவுக்கு ஏற்பத் திரும்பச் சிந்திப்பதே மனித அறிவு. இரண்டாவது, நடுநிலை என்பது சாத்தியமில்லை. ‘கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு ஆதாரங்களைப் பார்ப்போம்’ என்பவர், கடவுள் இல்லாமலும் ஆதாரங்களுக்குப் பொருள் இருக்கும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார். மூன்றாவது, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் சொல்வதன்படி, எல்லா மனிதரும் உள்ளுக்குள் கடவுளை அறிந்தேயிருக்கிறார்கள். அந்த அறிவை அமுக்கிவைக்கிறார்கள்.

மூன்றாவது கருத்துதான் இந்த மரபில் அதிகம் சண்டைக்கு இடம் கொடுப்பது. ஒருவர் தமக்குத் தெரிந்த ஒன்றைத் தமக்கே எப்படி மறைத்துக்கொள்ள முடியும்? வான் டிலின் மாணவர் கிரெக் பான்சன், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்பதையே தன் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு 1978இல் முடித்தார். ஒன்றை நம்பிக்கொண்டே, அதை நம்புவதாகத் தம்மைப் பற்றி ஒப்புக்கொள்ள மறுக்கும் நிலை முரண் இல்லாமலே சாத்தியம் என்று அவர் வாதிட்டார். கடவுளை மறுப்பவரின் நிலைக்கு வான் டில் தந்த உருவகம் பெயர் பெற்றது: தகப்பன் மடியில் உட்கார்ந்திருக்கும் சிறுமி அவன் கன்னத்தில் அறைகிறாள், மடி தாங்காவிட்டால் அவள் கை கன்னத்துக்கு எட்டாது.

சாத்தியத்தைத் தேடும் வாதம்

வான் டில் கையாண்ட வாத வடிவத்தின் வேர் காண்டிடம் இருக்கிறது. ஓர் அனுபவம் நமக்கு இருக்கிறது. அது சாத்தியமாக வேண்டுமானால் வேறு எதுவெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்பதே ‘டிரான்சென்டென்டல்’ வாதம். பழைய வாதங்கள் உலகில் காணும் ஏதாவது ஒன்றை எடுத்து அதன் காரணத்தைத் தேடுகின்றன. டிரான்சென்டென்டல் வாதமோ, எதையும் காணவும் சிந்திக்கவும் முடிவதன் நிபந்தனையைத் தேடுகிறது. காண்ட் அந்த நிபந்தனையை மனித மனத்தின் அமைப்பில் கண்டார்; வான் டில் அதை, மூவராயிருந்தும் ஒருவரேயான திரியேகக் கடவுளிடம் கண்டார்.

நடைமுறையில் இந்த வாதம் மூன்று களங்களில் விரியும். முதலாவது தர்க்கம். ஒரே கூற்று ஒரே பொருளில் உண்மையாகவும் பொய்யாகவும் இருக்க முடியாது என்ற விதி எங்கும் எப்போதும் செல்லும். அதைக் கையால் தொட முடியாது, எடைபோட முடியாது. இருப்பதெல்லாம் சடப்பொருளும் அதன் அசைவும் மட்டுமே என்பவர், சடப்பொருள் அல்லாத, மாறாத, எல்லாருக்கும் பொதுவான இந்த விதிகளுக்கு எங்கே இடம் கொடுப்பார் என்பது கேள்வி.

இரண்டாவது அறிவியலின் அடிப்படை. நேற்றுவரை தண்ணீர் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் கொதித்தது; நாளையும் அப்படியே கொதிக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இதுவரை எதிர்காலம் கடந்தகாலத்தைப் போலவே இருந்திருக்கிறது என்று காட்டினால், நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்ததாகிவிடும். இந்தச் சிக்கலை எடுத்துக்காட்டியவர் ஹியூம்தான். மதத்தைச் சாடிய அதே ஹியூமின் கையிலிருந்தே முன்னனுமானவாதிகள் இந்த ஆயுதத்தை வாங்கினார்கள். இயற்கையை ஒழுங்கோடு நடத்தும் கடவுள் இருக்கிறார் என்றால், கண்டதை வைத்துக் காணாததை ஊகிக்கும் தொகுத்தறிதலுக்கு அடிப்படை கிடைக்கிறது, இல்லையென்றால் அது வெறும் பழக்கம் என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது அறம். கொடுமையைக் கண்டு ‘இது தவறு’ என்று சொல்பவர், தம் விருப்பு வெறுப்பைச் சொல்கிறாரா, யாருக்கும் பொருந்தும் ஓர் அளவுகோலைச் சொல்கிறாரா? இரண்டாவது என்றால் அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? உலகில் தீமை இருப்பதைக் காட்டிக் கடவுளை மறுப்பவரிடமும் இதே கேள்வி வைக்கப்படும்.

சாதாரண வாதங்களிலிருந்து இது நுட்பமான ஒரு வகையில் வேறுபடுகிறது. வழக்கமான வாதத்தில் ஒரு முற்கூற்றை மறுத்துவிட்டால் முடிவும் அதனோடு போய்விடும். காரணகாரியத் தொடர்பே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் காரணகாரிய வாதம் நின்றுபோகும். முன்னனுமான வாதமோ, காரணகாரியம் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொருள் இருக்க வேண்டுமானால் அதற்கே கடவுள் தேவை என்கிறது. ஆகவே கடவுளை மறுக்கும் வாதமே கடவுளுக்குச் சாட்சி என்று பான்சன் போன்றவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வாதம் உரையாடலில் இரண்டு படிகளாக நடக்கும். நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தில் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்று ஒரு வசனமும், சொல் என்று அடுத்த வசனமும் வருகின்றன. முரண்போல் தெரியும் இந்த இரண்டையும் இம்மரபினர் ஒரு முறையாக்கிக்கொண்டார்கள். முதலில் எதிராளியின் அடிப்படையை ஏற்காமல், கிறிஸ்தவ அடிப்படையில் நின்று அறிவும் அறமும் எப்படிப் பொருள்படுகின்றன என்று காட்ட வேண்டும். பிறகு வாதத்துக்காக எதிராளியின் அடிப்படையில் நின்று, அதன்படியே போனால் அவர் தர்க்கத்தையும் அறிவியலையும் அறத்தையும் இழந்துவிடுவார் என்று காட்ட வேண்டும். நாத்திகர்களும் நன்றாகச் சிந்திக்கிறார்கள், நேர்மையாக வாழ்கிறார்கள் என்பதை இவர்கள் மறுப்பதில்லை. ஆனால் அதெல்லாம் கிறிஸ்தவக் கண்ணோட்டத்திடம் கடன் வாங்கிய மூலதனத்தில் நடக்கும் வாழ்க்கை என்பார்கள்.

ஆதாரங்களை வான் டில் முற்றாக ஒதுக்கினார் என்பது பரவலான தவறான எண்ணம். ஆதாரங்களைப் பேசுவதில் அவருக்கு ஆட்சேபமில்லை. எது ஆதாரம், எது சாத்தியம் என்று தீர்மானிக்கும் அடிப்படையைத் தொடாமல் ஆதாரங்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை என்றார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று வரலாற்றுச் சான்றுகளால் ஒருவரை ஒப்புக்கொள்ளவைத்தாலும், தற்செயலால் ஆன உலகில் விசித்திரங்கள் நடக்கத்தான் செய்யும் என்று சொல்லி அவர் நகர்ந்துவிடலாம். நிகழ்ச்சியும் அதன் பொருளும் சேர்ந்தே வர வேண்டும் என்பது வான் டிலின் நிலை.

1985: இர்வைன் பல்கலைக்கழக மேடை

இந்த வாதம் வகுப்பறையைத் தாண்டிப் பலருக்கும் தெரியவந்தது 1985 பிப்ரவரி 11 அன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், கடவுள் இருக்கிறாரா என்ற தலைப்பில் கிரெக் பான்சனும், பகுத்தறிவாளர் இயக்கத்தில் பெயர் பெற்ற கார்டன் ஸ்டைனும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். தொடக்க உரை, குறுக்கு விசாரணை, மறுப்புரை என்று முறையாக நடந்த விவாதம் அது.

தொடக்க உரையில் பான்சன், எல்லாக் கேள்விகளையும் ஒரே வழியில் தீர்க்க முடியாது என்று காட்டினார். சமையலறை அலமாரியில் பிஸ்கட் டப்பா இருக்கிறதா என்று அறியப் போய்ப் பார்த்தால் போதும். காற்றழுத்தம், எண்கள், இலக்கணம், நினைவுகள், சிந்தனை விதிகள் இருக்கின்றனவா என்பதை அப்படித் தீர்க்க முடியுமா? கடவுளின் இருப்பையும் பிஸ்கட் டப்பா வகையில் சேர்ப்பதே தவறு என்றார். கடவுளை விட்டுவிட்டால் எதையுமே நிரூபிக்க முடியாமல் போகும், அதுவே கடவுளுக்கான நிரூபணம் என்று முடித்தார். ஸ்டைன் பழைய வாதங்கள் ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து மறுக்கும் தயாரிப்போடு வந்திருந்தார். பான்சன் முன்வைத்ததோ அந்தப் பட்டியலில் இல்லாத வாதம்.

குறுக்கு விசாரணையில் ஸ்டைன், கடவுள் சடப்பொருளா அல்லவா என்று கேட்டார். அல்ல என்றார் பான்சன். கடவுளைத் தவிர, சடப்பொருள் அல்லாத வேறு ஏதாவது ஒன்றைச் சொல்ல முடியுமா என்று ஸ்டைன் கேட்க, ‘தர்க்க விதிகள்’ என்று பான்சன் பதில் சொன்னார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. தர்க்க விதிகள் மனிதர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட உடன்பாடு என்பது ஸ்டைனின் நிலை. அவை உடன்பாடுதான் என்றால் ஆளாளுக்கு வேறு விதிகளை வகுத்துக்கொண்டு தாமே வென்றதாக அறிவித்துவிடலாம், விவாதத்துக்கே இடமில்லை என்று பான்சன் திருப்பிக் கேட்டார்.

அன்று இந்த வாதத்தின் பலமும் குறையும் சேர்ந்தே வெளிப்பட்டன. தர்க்கத்தின் அடித்தளம் பற்றி ஸ்டைன் தந்த விளக்கம் வலுவற்றது என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. ஆனால் ஒருவரின் விளக்கம் வலுவற்றது என்பதால், வேறு எவரிடமும் நல்ல விளக்கம் இல்லை என்று ஆகிவிடாது. எண்களும் தர்க்க விதிகளும் யாரும் படைக்காமல் தாமாகவே இருப்பவை என்று கருதும் நாத்திக மெய்யியலாளர்களும் உண்டு. ஸ்டைனிடம் கேட்ட கேள்வியை அவர்களிடம் கேட்டால் வேறு பதில்தான் கிடைக்கும்.

ஒரே பெயர், வெவ்வேறு கிளைகள்

முன்னனுமானவாதிகள் எல்லோரும் வான் டிலைப் பின்பற்றியவர்கள் அல்லர். மெய்யியல் பேராசிரியர் கார்டன் கிளார்க், பைபிள் கடவுளின் வார்த்தை என்பதை வடிவியலின் அடிப்படை மெய்ம்மையைப் போல வைத்து, அதிலிருந்து தர்க்கத்தால் பெறப்படுவதே அறிவு என்றார். புலன் அனுபவத்தாலும் அறிவியல் சோதனையாலும் உறுதியான உண்மை கிடைக்காது என்பது அவர் எண்ணம். அடிப்படை மெய்ம்மையை நிரூபிக்க முடியாது. போட்டியிடும் கொள்கைகளின் முரண்களைக் காட்டி அவற்றைத் தள்ளலாம், அவ்வளவே. 1944இல் ஆர்த்தடாக்ஸ் பிரெஸ்பிட்டேரியன் சபை அவரைக் குருவாக நியமித்தபோது, வான் டில் உள்ளிட்டோர் புகார் எழுப்பினார்கள். கடவுளின் அறிவும் மனிதரின் அறிவும் ஏதாவது ஓரிடத்தில் ஒன்றாகுமா, அளவில் மட்டும் வேறுபடுமா என்பதே வழக்கு. அளவில் மட்டும் வேறுபடும் என்றால் இரண்டு வட்டங்கள் ஒன்றாகிவிடும் என்று வான் டில் தரப்பும், எந்த இடத்திலும் ஒன்றாகாது என்றால் மனிதருக்கு எந்த உண்மையும் தெரியாது என்று கிளார்க் தரப்பும் வாதிட்டன. கிளார்க் பின்னர் அந்தச் சபையை விட்டு விலகினார்.

வெஸ்ட்மின்ஸ்டரில் வான் டிலிடம் படித்த பிரான்சிஸ் ஷேஃபர், 1955இல் சுவிட்சர்லாந்து மலைப்பகுதியில் ‘லாப்ரி’ என்ற தங்குமிடத்தைத் தொடங்கி, தேடலோடு வந்த இளைஞர்களுடன் இந்த முறையைத் தளர்வான வடிவில் பேசினார். ஒருவர் தம் கொள்கையின்படி முழுமையாக வாழ முடியாத இடத்தைக் கண்டறிந்து, அதை அவருக்கே பரிவோடு காட்டுவது அவர் வழி. வான் டிலின் மற்றொரு மாணவர் ஜான் ஃபிரேம், பழைய வாதங்களுக்கும் இந்த முறைக்கும் இடையில் கட்டப்பட்டிருந்த சுவரைத் தாழ்த்தினார். காரணகாரிய வாதத்தையும் வடிவமைப்பு வாதத்தையும் முன்னனுமான நோக்கோடே பயன்படுத்தலாம், எல்லாவற்றையும் ஒரே வாதத்தால் முடித்துவிட வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

இவர்களோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் ஆல்வின் பிளான்டிங்காவின் வழி வேறு. கடவுள் நம்பிக்கை, பிறருக்கும் மனம் உண்டு என்ற நம்பிக்கையைப் போல, வாதத்தின் துணையில்லாமலே நியாயமானதாக இருக்க முடியும் என்றார் அவர். நம்பாதவர் எதையும் அறிய முடியாது என்று அவர் சொல்வதில்லை. நம்புகிறவர் ஆதாரம் காட்டாததால் அறிவுக்குப் புறம்பானவர் ஆகிவிடமாட்டார் என்று மட்டுமே சொல்கிறார். 1993இல் அவர் முன்வைத்த மற்றொரு வாதம் வான் டிலின் கேள்விக்கு அருகில் வருகிறது: மனித மூளை உயிர்பிழைப்பதற்காக மட்டுமே பரிணமித்தது என்றால், அது உண்மையைத் தருகிறது என்று நம்ப என்ன காரணம்?

எழுந்த மறுப்புகள்

முதல் மறுப்பு, இது சுழல்வாதம் என்பது. கடவுளை முன்னதாகவே வைத்துக்கொண்டு கடவுளை நிரூபிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டவர்களில் கிறிஸ்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். 1984இல் ஆர். சி. ஸ்ப்ரௌல், ஜான் கெர்ஸ்ட்னர், ஆர்தர் லின்ட்ஸ்லி மூவரும் சேர்ந்து எழுதிய ‘கிளாசிக்கல் அப்பாலஜெடிக்ஸ்’ நூலின் முக்கிய இலக்கு வான் டிலின் முறைதான். இருப்பின் வரிசையையும் அறிவின் வரிசையையும் அவர் குழப்பிவிட்டார் என்றார்கள் அவர்கள். இருப்பில் கடவுளே முதல். ஆனால் அறிவைத் தேடும் மனிதர் தம்மிடமிருந்தும் தம் கண்முன் இருக்கும் உலகிலிருந்தும்தான் தொடங்க முடியும். இதற்கு வான் டில் தரப்பின் பதில், இறுதி அளவுகோலைப் பற்றிய எந்த வாதமும் அந்த அளவுகோலையே பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பது. பகுத்தறிவே இறுதி என்பவரும் அதைப் பகுத்தறிவால்தான் நியாயப்படுத்துகிறார். எல்லோரும் சுழலில் இருக்கும்போது, எந்தச் சுழல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாமல் நிற்கிறது என்பதே கேள்வி என்கிறார்கள். ஆனால் இந்தப் பதில் ஒரு விலையோடு வருகிறது: பிற மதங்களும் தத்தம் வேதத்தை இறுதி அளவுகோலாக வைத்து இதையே சொல்ல முடியும்.

இரண்டாவது மறுப்பு மெய்யியல் துறையிலிருந்து வந்தது. 1968இல் பாரி ஸ்ட்ரவுட் எழுதிய கட்டுரை, காண்ட் வழிவந்த எல்லா டிரான்சென்டென்டல் வாதங்களையும் சோதித்தது. நாம் சிந்திக்க வேண்டுமானால் ஒன்றை நம்பியாக வேண்டும் என்பதை இவ்வகை வாதம் காட்டக்கூடும். அது உண்மையாக இருந்தாக வேண்டும் என்பதைக் காட்டாது என்பது அதன் சாரம். கடவுளை நம்பாமல் சிந்திக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டாலும், கடவுள் இருக்கிறார் என்ற முடிவுக்கு இன்னொரு தாவல் தேவைப்படுகிறது.

மூன்றாவது மறுப்பு, வேறு எந்த அடிப்படையும் போதாது என்பதை எப்படி நிறுவுவது என்பது. காண்டின் வாதத்தை எதிர்த்து ஸ்டீஃபன் கோர்னர் இதே கேள்வியை 1967இல் எழுப்பியிருந்தார். தெரிந்த நான்கைந்து கொள்கைகளைத் தோற்கடித்தாலும், இனி எழக்கூடிய கொள்கைகள் அனைத்தையும் தோற்கடித்ததாகாது. ஒரே கடவுளை வணங்கும் வேறு மதங்களை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. தர்க்கத்துக்கும் இயற்கை ஒழுங்குக்கும் படைத்தவரே அடிப்படை என்று அவற்றாலும் சொல்ல முடியும். இதற்கு வான் டில் திரித்துவத்தைக் காட்டினார். உலகில் பலவும் வெவ்வேறாக இருக்கின்றன, ஆனாலும் ஒழுங்கில் இணைந்திருக்கின்றன. ஒருமையை இறுதியாக்கினால் வேறுபாடுகள் கரைந்துவிடும்; பன்மையை இறுதியாக்கினால் தொடர்பு அறுந்துவிடும். ஒருமையும் பன்மையும் சமமாக இறுதியானவையாக இருப்பது திரியேகக் கடவுளிடம் மட்டுமே என்பது அவர் வாதம். இதை ஆழமானது என்று போற்றுபவர்களும் உண்டு. திரித்துவத்தில் உள்ள மூவர்-ஒருவர் உறவுக்கும், உலகப் பொருள்களின் பொதுமை-தனித்தன்மை உறவுக்கும் உள்ள தொடர்பு தெளிவாக நிறுவப்படவில்லை என்பவர்களும் உண்டு.

நான்காவது மறுப்பை நாத்திக மெய்யியலாளர் மைக்கேல் மார்ட்டின் 1996இல் எழுதினார். தர்க்கம் கடவுளைச் சார்ந்தது என்றால், கடவுள் நினைத்தால் அதை மாற்றலாம் என்றாகும்; மாற்றக்கூடியது தர்க்க விதியாக இருக்க முடியாது; ஆகவே தர்க்கமே கடவுள் இல்லை என்பதைக் காட்டுகிறது என்று வாதத்தைத் தலைகீழாக்கினார். தர்க்கம் கடவுளின் சித்தத்தைச் சார்ந்ததல்ல, மாறாத அவர் இயல்பைப் பிரதிபலிப்பது என்று முன்னனுமானவாதிகள் பதிலளித்தார்கள். இயல்பைச் சார்ந்தது என்றால் என்ன பொருள், அந்த இயல்பு தர்க்கத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று விவாதம் தொடர்கிறது.

ஐந்தாவதாக ஒரு நடைமுறை மறுப்பும் உண்டு. உனக்கு உள்ளுக்குள் தெரியும், மறைக்கிறாய் என்று எதிராளியிடம் சொல்லத் தொடங்கினால் உரையாடல் அங்கேயே முறிந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் ‘அது உனக்கு எப்படித் தெரியும்’ என்று திருப்பிக் கேட்பதையே வாதமாக்கிக்கொண்டவர்களும் இந்த மரபின் பெயரில் கிளம்பினார்கள். நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல வேண்டும் என்று பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறது. தற்காப்பு வாதத்துக்கே ஆதாரமாகக் காட்டப்படும் அந்த வசனத்தின் பிற்பகுதியை மறந்துவிட்டார்கள் என்று இம்மரபுக்குள்ளிருந்தே கண்டனம் வந்தது.

எது நின்றது

இந்த மறுப்புகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், முன்னனுமான வழியில் இரண்டு பகுதிகளைப் பிரித்தறியலாம். ஒன்று, அது எழுப்பும் கேள்வி. எவரும் வெற்றிடத்திலிருந்து சிந்திக்கத் தொடங்குவதில்லை. ஆதாரத்தை எடைபோடும் அளவுகோலும் ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு நியாயம் கேட்பது முறையானதே. தர்க்கம், தொகுத்தறிதல், அறம் ஆகிய மூன்றின் அடித்தளமும் சமயம் சாராத மெய்யியலிலும் இன்றுவரை முடிந்துபோகாத சிக்கல்களாக இருப்பது இந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கிறது.

மற்றொன்று, அது தரும் பதில். அந்த அடித்தளம் கிறிஸ்தவத்தின் திரியேகக் கடவுள் மட்டுமே, வேறு எதுவும் சாத்தியமில்லை என்பதே அது. இந்த ‘மட்டுமே’யைத் தாங்கும் அளவுக்கு வாதம் வலுவானதாக இன்னும் காட்டப்படவில்லை என்பதில், மற்ற விஷயங்களில் ஒத்துப்போகாத விமர்சகர்கள் பலரும் ஒத்துப்போகிறார்கள். இம்மரபுக்குள்ளேயே ஃபிரேம் போன்றவர்கள், ஒரே அடியில் எல்லாவற்றையும் நிறுவிவிடும் வாதம் என்ற உரிமைகோரலைத் தளர்த்தி, பல வாதங்கள் சேர்ந்து அந்த முடிவை நோக்கிச் செல்கின்றன என்று மாற்றிச் சொல்கிறார்கள். பான்சனின் வழிவந்தவர்கள் அந்தத் தளர்வை ஏற்பதில்லை. ‘மட்டுமே’யை விட்டுவிட்டால் இதுவும் பழைய வாதங்களின் வரிசையில் இன்னொன்றாகிவிடும் என்கிறார்கள்.